முதலில் தோட்டப் பாடசாலை

திறந்த பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்த ஹரிணி அமரசூரிய 2020இல் தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றம் போனார். 2024 செப்டெம்பரில் பிரதமரானார்; கல்வி அமைச்சும் அவரிடம்தான். பதுளைத் தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வீதிக்கு இறங்கியபோது அவர்களோடு நின்றவர் அவர். வகுப்பறை தெரிந்தவர் அமைச்சரானால் எங்கள் பிள்ளைகளுக்கும் விடியும் என்று நம்பினேன். இன்னும் நம்புகிறேன். அதனால்தான் தென்னாபிரிக்காவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

1994இல் மண்டேலா தன் கல்வி அமைச்சராக நியமித்த சிபுசிசோ பெங்குவும் ஒரு கல்விமான். ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக இருந்தவர். நிறத்துக்கொன்றாகப் பிரிந்து கிடந்த கல்வித் திணைக்களங்கள் அவர் காலத்தில்தான் ஒன்றாகின. 1997இல் ‘பாடத்திட்டம் 2005’ என்ற புதிய திட்டத்தை அறிவித்தார். மனனம் வேண்டாம், பிள்ளை தேடிக் கற்கட்டும், ஆசிரியர் வழிகாட்டினால் போதும். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நூலகமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்த பழைய வெள்ளையர் பாடசாலைகள் அதைச் சமாளித்துக்கொண்டன. கிராமத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் வகுப்பறையில் புத்தகத்துக்கும் தட்டுப்பாடு, பயிற்சிக்கும் தட்டுப்பாடு. 2000இல், அடுத்த அமைச்சர் காதர் அஸ்மால் அதை மீளாய்வுக்கு உட்படுத்தித் திருத்த வேண்டியதாயிற்று.

இங்கே 2026இல் தொடங்கத் திட்டமிட்ட சீர்திருத்தமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது: தொகுதிகள், செயற்பாடுகள், பரீட்சைச் சுமைக் குறைப்பு. நல்லதுதான். பதுளை டவுனில் அது நடக்கும். மடுல்சீமைக்கு ஏறும் வழியிலுள்ள தோட்டத்தில் எப்படி நடக்கும்?

நான் கடைசியாகப் படிப்பித்தது ஒரு நீள மண்டபத்தில். நான்கு வகுப்புகள், நடுவில் தட்டி கிடையாது. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் என் பிள்ளைகளும் தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டு அதையே சொல்வார்கள். மழை பிடித்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் என் குரல் முன்வரிசையைக்கூடத் தாண்டாது. கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொல்வேன். குழுவாக உட்கார்ந்து கலந்துரையாடச் சொல்கிறது செயற்பாட்டுப் புத்தகம். வாங்கைத் திருப்பிப் போட இடம் வேண்டுமே. இணையத்தில் தேடி வரச் சொன்னால், வீட்டிலிருக்கும் ஒரே போன் அம்மாவோடு மலைக்குப் போயிருக்கும். பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகுதான் லயத்துக்கு வரும்.

இன்னொன்று. பின்தங்கிய மாவட்டம் என்று பல்கலைக்கழக அனுமதியில் பதுளைக்குச் சலுகை உண்டு. அது முழு மாவட்டத்துக்கும் பொது. உயர்தரத்தில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழில் படிப்பிக்க ஆள் இருந்தால்தான் லயத்துப் பிள்ளைக்கு அது எட்டும். பசறை வீதியிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்தெடுப்பவரின் மகள் அந்த வாசலைத் தாண்டிப் பசறை பஸ்ஸில் போகிறாள். மாவட்டக் கணக்கில் அவளைத் தனியே எண்ணாதவரை, அவள் உள்ளே போகாததும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

பிரதமர் மானிடவியல் படித்தவர். சனங்களோடு இருந்து, பார்த்து, கேட்டு எழுதுவது அந்தத் துறையின் வழக்கம். பதுளை மாவட்டத்திலிருந்து ஆளுங்கட்சிக்குப் போயிருக்கும் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் அவரை ஒரு பாடசாலை நாளில் இங்கே அழைத்து வரவேண்டும். மாலையும் மேடையும் வேண்டாம். புதிய தொகுதி ஒன்றை எங்கள் ஆசிரியை நடத்துவதை மணி அடிக்கும்வரை பார்க்கட்டும். தோட்டப் பிள்ளைகளின் பெறுபேறுகளைத் தனியாக எடுத்துத் தரும்படி அன்றைக்கே அதிகாரிகளிடம் கேட்கட்டும். மண்டபத்துக்குத் தட்டி அடிப்பதற்கும், இருக்கிற விஞ்ஞான ஆசிரியர்களில் சிலரை மேலே அனுப்புவதற்கும் எந்தச் சீர்திருத்தமும் வரவேண்டியதில்லை. இந்த வருட ஒதுக்கீட்டிலேயே செய்யலாம்.