பேய்க்கரும்பைக் கரையிலேயே விட்டுவையுங்கள்

தூர்வார வரும் பொக்லைன் எங்கள் பவானிக் கரையில் முதலில் பெயர்ப்பது பேய்க்கரும்பு என்ற காட்டுப்புல்லைத்தான். புதர், பாம்பு அடையும் என்பார்கள். தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் பார்க்கப் பதைக்கிறது. நம் சர்க்கரையே அந்தப் புல்லுக்குக் கடன்பட்டது.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, வட இந்தியாவில் விளைந்தது மெலிந்த கரும்பு. தெற்கத்தித் தடித்த கரும்பு அங்கத்திய குளிருக்கு நிற்கவில்லை. அந்த நிலையத்தின் ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கடராமனும் 'வெள்ளை' என்ற தடித்த ரகத்தோடு கோவைப் பக்கத்துப் பேய்க்கரும்பைக் கலந்தார்கள். இனிப்பு ரகத்தோடு காட்டுப்புல்லைச் சேர்க்க எத்தனை துணிவு வேண்டும்! அந்தக் கலப்பில் பிறந்து 1918இல் வந்த கோ 205 ரகம், பஞ்சாபில் உள்ளூர் ரகங்களை விஞ்சியது. இன்று நாம் பயிரிடும் கரும்பின் குரோமோசோம்களில் பத்து முதல் இருபது சதவீதம் பேய்க்கரும்பிலிருந்து வந்தவை.

அந்தப் புல்லுக்கு இந்த வலு எப்படி வந்தது? ஆற்று மணலிலும் வளர்கிறது, இமயமலைச் சரிவிலும் வளர்கிறது. ஓரிடத்துச் செடியில் 40 குரோமோசோம், வேறோரிடத்தில் 128. குரோமோசோம்கள் இப்படிப் பெருகி ஒரே ஜீனுக்குப் பல பிரதிகள் இருப்பதால், ஒன்று வழக்கமான வேலையைப் பார்க்க, மற்றொன்று மாறினாலும் செடி பிழைக்கும். அப்படி மாறியவற்றில் எது தங்கும் என்பதை வெள்ளமும் வறட்சியும் பூஞ்சையும் தீர்மானிக்கின்றன. 2018இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, நோய் எதிர்ப்போடு தொடர்புடைய ஒரு பெரிய ஜீன் வகையில் 80 சதவீதம், பரிணாமத்தில் உடைந்து மறுபடி ஒட்டிய நான்கு குரோமோசோம்களில் இருப்பது தெரிந்தது.

கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையம்தான் பேய்க்கரும்பு வகைகளைச் சேகரித்து வளர்க்கிறதே, போதாதா என்பார்கள். அந்தச் சேகரிப்பு மிக அவசியம். ஆனால் அங்கே கரணை நட்டுப் பெருக்குகிறார்கள். தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. கரையில் நிற்பதோ பூத்து, மகரந்தம் கலந்து, புது விதை உதிர்க்கிறது. கரும்பைத் தாக்கும் செவ்வழுகல் பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில் பரவியிருந்த கோ 0238 ரகத்தையே அது சாய்த்துவிட்டது. மாறிக்கொண்டே வரும் நோய்க்கு, மாறிக்கொண்டே இருக்கும் செடியிடம்தான் மருந்து தேட முடியும்.

நீர் ஓடத் தடையாக நிற்பதை எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தூர்வாரும் மதிப்பீட்டை எழுதும்போதே, கரையில் சில இடங்களைத் தொடாமல் விடுவதென்று நீர்வளத் துறை எழுதிவைக்க வேண்டும். பொக்லைன் இறங்குமுன் கரும்பு ஆய்வாளர்கள் ஒருமுறை வந்து பார்க்கட்டும். கரும்பு போடும் விவசாயிகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.