யார் வீட்டுப் பிள்ளை சிறுவன்?

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியது கூலிப்படை இல்லை. அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த சாதி இந்துப் பிள்ளைகள். அவர் செய்த 'குற்றம்', பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையை வாயைத் திறந்து சொன்னதுதான்.

அந்த வாரம் எங்கள் ஊரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நானும் நின்றேன். 'பதினேழு வயசுன்னு பாக்காதே, பெரியவனா வச்சு விசாரி' என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் கலைந்து டீக்கடையில் நிற்கும்போது காலனியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருத்தர் பக்கத்தில் வந்தார். 'ஏந்தம்பி, அப்ப எம்மவனையும் அப்படித்தான் விசாரிப்பாங்களா?' என்று கேட்டார். அவர் மகனுக்கும் பதினேழு வயது. ஊர்த்தெருப் பெண்ணோடு பழகி, ரெண்டு பேரும் சேர்ந்து ஊரை விட்டுப் போய், பிடிபட்டு, போக்சோ வழக்கில் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

தோழர்களே, நாம் கேட்ட அந்தக் 'பெரியவனா வச்சு விசாரி' புதுக் கோரிக்கை இல்லை. அதற்குச் சட்டமே இருக்கிறது. 2015இல் போட்டார்கள். யார் கேட்டு, யாருக்காகப் போட்டார்கள் என்று பார்த்தால்தான் நாம் யார் குரலில் கத்தினோம் என்று தெரியும்.

பிறக்கும்போதே குற்றவாளி

வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். இன்ன சாதியில் பிறந்தால் குற்றவாளி. திருட வேண்டியதில்லை, பிறந்தால் போதும். 1897இல் அதைத் திருத்தி, நாலு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்பில் அடைக்க அதிகாரம் கொடுத்தான். சாதியைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் இல்லை. நம்ம ஊர் தர்ம சாஸ்திரம் பிறப்பை வைத்துத் தண்டனை எழுதியதை அவன் போலீஸ் ரிக்கார்டாக மாற்றினான், அவ்வளவுதான். 1911க்குப் பிறகு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

1920ஆம் வருஷத்தைப் பாருங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி, மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே 1920இல்தான் சென்னைச் சிறுவர் சட்டம் வந்தது. குழந்தையைத் தண்டிக்கக் கூடாது, திருத்த வேண்டும் என்று சொன்ன முதல் மாகாணச் சட்டம் அது. ஒரே அரசாங்கம், ஒரே வருஷம். ஒரு பிள்ளைக்குச் சீர்திருத்தம், இன்னொரு பிள்ளைக்குப் பரம்பரைப் பட்டம். தென்மாவட்டங்களில் இன்றைக்கு அரிவாளைப் பெருமையாகத் தூக்குகிற சாதிகளில் சிலவற்றின் பாட்டன்மார்களும் அந்த ரேகைச் சட்டத்தில் மாட்டியவர்கள்தான். அந்த வலியைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் வீரப் பரம்பரைக் கதையை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

டெல்லியில் மாறிய வயசு

சுதந்திர இந்தியாவில் 1986இல் நாடு முழுமைக்கும் இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. ஆணுக்குப் பதினாறு, பெண்ணுக்குப் பதினெட்டு என்று வயதை வைத்தது. 1992இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதையொட்டி 2000ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் பதினெட்டு என்றது. என்ன குற்றமானாலும் சிறுவர் சிறுவர்தான், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறப்பு இல்லம்.

2012 டிசம்பர் 16. டெல்லி பஸ்ஸில் அந்த மாணவிக்கு நடந்த கொடுமையை யாரும் மறக்க முடியாது. பிடிபட்ட 6 பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிறையச் சில மாதங்கள் பாக்கி. நாடே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கயர்லாஞ்சியில் 2006இல் தலித் குடும்பத்தையே கொன்றபோது இந்தியா கேட்டில் மெழுகுவத்தி ஏந்திய நடுத்தர வர்க்கம் எங்கே போயிருந்தது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. வயதைக் குறைக்கச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 2013இலும் 2014இலும் குறைக்க மறுத்தது. பாராளுமன்ற நிலைக்குழுவே 2015 தொடக்கத்தில் புது மசோதா சரியில்லை என்றது. அத்தனையையும் தள்ளிவிட்டு, அந்தப் பையன் விடுதலையான இரண்டாவது நாள், 2015 டிசம்பர் 22இல் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் அவனைத் தொடவே முடியாது. பின்தேதியிட்டுத் தண்டிக்க முடியாதே. அப்புறம் யாருக்காகப் போட்டார்கள்? இனிமேல் பிடிபடப் போகிற பிள்ளைகளுக்காக.

அந்த நேரத்தில் நாட்டில் பதிவான குற்றங்களில் சிறுவர்கள் மீதானவை சுமார் 1 சதவீதம்தான். 2013இல் பிடிபட்ட சிறுவர்களில் பாதிப்பேர் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே சொன்ன கணக்கு இது. அந்த வருமானத்தில் யார் இருப்பார்கள், எந்தத் தெருவில் இருப்பார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்து வயசு

2015 சட்டம் சொல்வது இதுதான். குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம் உள்ள குற்றம் 'கொடுங்குற்றம்'. அதில் பதினாறுக்கு மேல் பதினெட்டுக்குள் உள்ள பிள்ளை மாட்டினால், இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குற்றம் செய்ய உடல் பலமும் மனப் பலமும் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்க்கும். 'பெரியவன்தான்' என்று குழுமம் நினைத்தால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பெரியவர்களுக்குரிய தண்டனை. இருபத்தொரு வயது வரை தனி இடம், அதன்பின் ஜெயில்.

உடல் பலம், மனப் பலம் என்றால் என்ன? பன்னிரண்டு வயசிலிருந்து செங்கல் சூளையில் கல் தூக்கிய பையனுக்குத் தோள் அகலமாகத்தான் இருக்கும். தகப்பன் செத்து, குடும்பத்தைச் சுமந்தவன் பெரிய மனுசன் மாதிரிதான் பேசுவான். வறுமை அவனிடமிருந்து குழந்தைப் பருவத்தைப் பிடுங்கியது. சட்டம் அதையே அவனுக்கு எதிரான சாட்சியாக்குகிறது. டியூசனுக்குக் காரில் போய் வந்த பிள்ளை 'ஒண்ணும் தெரியாத பிள்ளை' ஆகிவிடுவான். இந்த மதிப்பீடு நுட்பமான வேலை, மனநல வல்லுநர் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

வயசுக் கணக்கே நமக்குத் தகராறு. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதிதான் முதல் ஆதாரம். நம்ம காலனிகளில் எத்தனை பேர் மே மாசம், ஜூன் மாசம் 'பிறந்திருக்கிறோம்'? ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க ஹெட்மாஸ்டர் போட்ட தேதி அது. ஒரு வாத்தியார் அவசரத்தில் எழுதியது ஒரு பிள்ளையைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பக்கூடும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். போக்சோ சட்டத்தில் பாலியல் வன்புணர்ச்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 வருஷம். பதினெட்டுக்குள் இருக்கிற பெண்ணின் சம்மதம் செல்லாது. ரெண்டு பேருக்கும் பதினேழு, ரெண்டு பேரும் விரும்பித்தான் போனார்கள் என்றாலும் பையன் செய்தது 'கொடுங்குற்றம்'. அவனைப் பெரியவனாக விசாரிக்கலாம். ஊர்த்தெரு பெண்ணைச் சேரிப் பையன் விரும்பினால் புகார் கொடுக்கப் பெற்றோரும் சாதிச் சங்கமும் எவ்வளவு வேகமாக ஸ்டேசனுக்குப் போவார்கள் என்று தருமபுரியைப் பார்த்த நமக்குத் தெரியும். இப்படி விடலைப் பருவத்துக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் இல்லை இது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பை வாங்கும் வரைக்கும் உள்ளே கிடப்பது யார் பிள்ளை?

சரி, வெட்டியவனுக்கு? கொலை முயற்சிப் பிரிவுக்கு அதிகபட்சம் ஆயுள் தண்டனை உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. குறைந்தபட்சம் இல்லாதது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 திருத்தம் அதையே சட்டத்தில் எழுதிவிட்டது. ஆக, அந்தப் பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால், அரிவாள் எடுத்தவன் சிறுவன், காதலித்தவன் பெரியவன்! வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கடுமையான பிரிவைச் சேர்த்தால் நிலைமை மாறலாம். அதைச் சேர்க்க வைக்க நாம் ஸ்டேசன் வாசலில் எத்தனை நாள் உட்கார வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

முந்நூறு வார்த்தைக் கட்டுரை

2024 மே மாதம் புனேயில் கட்டுமான முதலாளி ஒருவரின் பதினேழு வயது மகன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு பேர் செத்தார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். பிறகு எதிர்ப்பு கிளம்பியது, ஜாமீன் உத்தரவு மாறியது. ஆனாலும் பெரியவனாக விசாரிக்கக் கோரிய போலீஸ் மனுவை 2025இல் குழுமம் நிராகரித்தது.

2022 டிசம்பர் கடைசி. தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். 31ஆம் தேதி பிணமாகத்தான் வெளியே வந்தான். இல்லத்துப் பணியாளர்கள் 6 பேர் கைதானார்கள். அரசாங்கம் நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டது. 2023இல் அறிக்கையும் வந்தது.

புனேப் பையனை ஜெயிலில் போடு என்று நான் கேட்கவில்லை. அவனுக்குக் கிடைத்த 'சிறுவன்' என்ற பட்டம் செங்கல்பட்டுப் பையனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறேன். மக்கள்தொகையில் 16.6 சதவீதம் இருக்கும் நாம் சிறைக் கைதிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறோம். தூக்குக் கொட்டடியில் நாமும் பழங்குடிகளும் சுமார் நாலில் ஒரு பங்கு என்று 2016இல் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. சட்டத்தின் வாயை அகலமாகத் திறந்துவிட்டால் முதலில் அது விழுங்குவது நம்மைத்தான்.

அப்ப வெட்டுனவன் சும்மா போவானா?

தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுத பஸ்ஸில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவரின் விரல்களை வெட்டினார்கள். பிடிபட்டவர்களும் சிறுவர்கள்தான். ஏகலைவனிடம் கட்டைவிரலை வாங்கியவன் வாத்தியார். இப்போது பிள்ளைகளே அரிவாளோடு வருகிறார்கள். அந்த மாணவனின் வீட்டில் போய் நான் 'மன்னிச்சிடுங்க' என்று சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

ஆனால் பதினேழு வயதுப் பையனுக்குச் சாதி வெறி கருவிலேயே வந்ததா? கையில் கலர் கயிறு கட்டிவிட்டது யார்? குருபூஜைக்கு வேனில் ஏற்றிப் போனது யார்? அரிவாள் எங்கே அடித்து வாங்கினது? புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் இருந்த பெரியவர்கள் யார்? அந்தப் பையனை மட்டும் 'பெரியவன்' ஆக்கிப் பத்து வருஷம் உள்ளே போட்டால் இந்த நிஜமான பெரியவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள். அவன் ஜெயிலுக்குள் சாதிக்கூட்டத்தோடு சேர்ந்து தலைவனாக வெளியே வருவான். பிளக்ஸ் வைத்து வரவேற்பார்கள். நமக்கு அதுவா நீதி?

ஆகவே நம் கோரிக்கை வேறாக இருக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையைப் பெரியவனாக்கும் 2015 சட்டப் பிரிவை நீக்கு. சிறுவர்களைத் தூண்டிய, ஆயுதம் கொடுத்த, ஒளித்து வைத்த பெரியவர்களை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போடு. கடமை தவறிய அரசு ஊழியர் மீது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பாய்ச்சு. வெட்டிய பையன் சிறப்பு இல்லத்தில் இருக்கும் மூன்று வருஷமும் கம்பி எண்ணிக் கழியக் கூடாது. அம்பேத்கரையும் பெரியாரையும் அங்கே படிக்கட்டும், தான் என்ன செய்தான் என்று புரியட்டும். பள்ளிகளில் சாதி அடையாளங்களைத் தடுக்கச் சொல்லி 2024 ஜூனில் நீதிபதி சந்துரு கொடுத்த அறிக்கையை முழுசாக நிறைவேற்று. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு வைத்தியமும் படிப்பும் பாதுகாப்பும் அரசின் பொறுப்பு. நாங்குநேரி மாணவர் அந்தக் காயத்தோடு படித்து 2024இல் பன்னிரண்டாம் வகுப்பு தேறினார். நமக்கான பதில் அவர் கையில் இருக்கிறது, அரிவாள் எடுத்தவன் கையில் இல்லை.

மாணவத் தோழர்களுக்குக் கைவேலை ஒன்று. காலனியில் ஒரு பிள்ளையைப் போலீஸ் தூக்கினால் உடனே வயது ஆதாரத்தோடு போங்கள். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், எந்த வழக்கானாலும் ஜாமீன் கேட்கலாம், பதினெட்டு ஆகவில்லை என்பதை வழக்கின் எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். சட்டத்தில் இருப்பதுதான் இதெல்லாம். யாராவது போய் நின்று கேட்டால்தான் நடக்கும்.

அந்த அம்மாவுக்கு என் பதில்: ஆமாம்மா, நாங்கள் அன்று கத்தினது உங்கள் மகனையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளும். எங்களுக்குப் புரியவில்லை. இனி அந்தக் கோஷத்தைப் போட மாட்டோம்.