மேஜை மேல் ராயபுரம்!

குட்டி ரயில் லே-அவுட் செய்ய ஆசையா? நம்ம ராயபுரம் ஸ்டேஷனையே செய்யலாம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். தூண்களோடு நிற்கும் கட்டடத்தைப் பார்த்து அட்டையில் செய்துவிடலாம். சிக்கல் தண்டவாளத்தில்தான்!

கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ மாடல், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. திருவொற்றியூருக்கு வரும் மெட்ரோவின் 1,435 மி.மீ பாதைக்கு அது சரி. ராயபுரத்தின் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதே கணக்கில் 19 மி.மீ-க்கு மேல் வேண்டும்.

கையால் தண்டவாளம் பதித்து, சக்கரங்களையும் தள்ளிப் பொருத்தலாம், நாள் பிடிக்கும். முதல் லே-அவுட்டுக்கு ரெடிமேட் பாதையே போதும். மிச்சமாகும் நேரத்தைத் தூண்களுக்குக் கொடுங்கள். ராயபுரத்துக்காரர்கள் 'நம்ம ஸ்டேஷன்!' என்று சொல்லப்போவது அந்தத் தூண்களைப் பார்த்துத்தான். ஸ்கேல் வைத்து அளந்து அல்ல.