மணல்வாரி விட்டுப்போகும் கடன்

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கையெழுத்து கோணலாகிறது. பாடம் மறக்கிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. பள்ளியில் திட்டு விழுகிறது, வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். சில மாதங்களில் உடம்பு திடுக்கிட்டுத் தூக்கிப்போடத் தொடங்குகிறது. மூளை மின்னலைப் பதிவும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் எஸ்.எஸ்.பி.இ. என்ற பெயர் பெற்றோர் காதில் விழுகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்துபோன மணல்வாரி என்னும் தட்டம்மையின் கிருமி, உருமாறி ஆறேழு ஆண்டுகளுக்கு மேல் மூளையில் தங்கி அதைத் தின்றிருக்கிறது. ஐசோபிரினோசின், இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகள் சிலருக்கு நோயின் வேகத்தைக் குறைக்கலாம், குணப்படுத்துவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் போய்விடுகிறார்கள்.

அபூர்வ நோய்தான். ஆனால் 1988 - 91இல் கலிபோர்னியாவில் பரவிய தட்டம்மையைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரு வயதுக்குள் தொற்று கண்டவர்களில் சுமார் 600 பேருக்கு ஒருவர் இந்நோய்க்கு ஆளானது தெரியவந்தது. தடுப்பூசியோ நம் நாட்டில் ஒன்பதாம் மாதம் முடிந்த பின்புதான். அதற்கு முந்தைய மாதங்களில் சிசுவைப் பெரிதும் காக்கக்கூடியது சுற்றியிருக்கும் பெரிய பிள்ளைகளின் தடுப்பூசிதான். ஊசி வயதை எட்டும் முன்பே தட்டம்மை கண்ட குழந்தை ஒன்று, 2025இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இந்நோயால் பள்ளி வயதில் இறந்தது. ஒரு வீட்டில் விட்டுப்போன ஊசிக்கு வேறொரு வீடு பிள்ளையைக் கொடுக்கிறது. எனவே தடுப்பூசியை அவரவர் விருப்பம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

திருக்கோவிலூரிலும் கல்வராயன் மலையிலும் எனக்குள்ள கவலை இரண்டாம் தவணையைப் பற்றியது. முதல் ஊசிக்குத் தாய் ஊரில் இருப்பாள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய அடுத்த ஊசியின்போது, வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல பிழைப்புக்காக வெளியூரில் இருக்கும். புதன்கிழமை முகாமுக்கு வராத பிள்ளை அலட்சியத்தால் வரவில்லை என்று எழுதிவிடுவது அநியாயம். வேலைக்குப் போன ஊரிலேயே ஊசி கிடைக்கவும், திரும்பி வந்ததும் கிராம சுகாதார செவிலியர் அட்டையைச் சரிபார்க்கவும் ஏற்பாடு வேண்டும். 2017இல் தட்டம்மை - ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திக்கு பயந்து பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தமிழகத்தில் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எஸ்.எஸ்.பி.இ. தட்டம்மையால் வருகிறது, தடுப்பூசியால் வருவதில்லை.

அம்மை கண்டதும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாத வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். தொற்று தெருவுக்குப் போகாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாய்மூடி இருந்துவிடுவதால் செவிலியருக்கும் தகவல் போவதில்லை. தகவல் போனால் நோயாளிப் பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கலாம், மாதிரி எடுத்து உறுதிசெய்யலாம், அக்கம்பக்கத்தில் ஊசி விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப் போடலாம். வேப்பிலை செருகும் அன்றே செவிலியருக்கு ஒரு போன் செய்ய வேண்டும். இதை ஊர்ப் பெரியவர்களும் கோயில் பூசாரிகளும் சொன்னால் மலையில் எடுபடும்.