சோம்பல் அல்ல, சோகை!

வருடக்கணக்கில் வாட்டுவது குடல் அழற்சி நோய். அது வந்தவர்களில் பலர் களைத்துக் கிடப்பார்கள். "சோம்பேறி" என்று வீட்டார் ஏசுவார்கள். ஏசுவது தவறு!

புண்பட்ட குடலில் ரத்தம் கசியும். அதோடு இரும்புச் சத்தும் போய்விடும். அழற்சி மிகும்போது, உணவில் உள்ள இரும்பையும் உடல் சரியாக ஏற்காது. முருங்கைக் கீரை நல்லதுதான். ஆனால், அது மட்டும் போதாது.

இந்நோயில் ஒரு வகை 'குரோன்' நோய். அது சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடிக்கடி தாக்கும். 'பி12' வைட்டமினை உறிஞ்சுவது அந்தப் பகுதிதான். அதில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் 'பி12' ஊசி தேவைப்படும். இல்லாவிட்டால் கை, கால் மரத்துப்போகலாம்.

நோய் தணிந்திருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை அவசியம்.

வயிற்றுவலி நின்றால் போதுமா? தெம்பும் திரும்ப வேண்டும். அதுவே முழுமையான வைத்தியம்!