செபத்தின் நடுவே ஒரு குரல்



மாலை மணி ஏழு. நடுக்கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் விளக்கு ஏற்றப்படுகிறது. பாய் விரிக்கப்படுகிறது. பிள்ளைகள் புத்தகங்களை மூடிவிட்டு வந்து முழந்தாளிடுகின்றனர். குடும்பச் செபமாலை தொடங்குகிறது. நம் கத்தோலிக்க இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவரும் அழகிய காட்சி இது. இத்தகைய மாலை ஒன்றில் நமக்கு நேர்ந்ததை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே நலம் எனக் கருதுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் முதுமையினால் படுக்கையில் கிடந்தார். அன்று மூன்றாம் பத்து சொல்லிக்கொண்டிருந்த வேளையில், தண்ணீர் கேட்டு அவர் அழைக்கும் குரல் உள்ளறையிலிருந்து எழுந்தது. இளைய மகள் எழ முயன்றாள். நாம் கையசைத்து அவளை அமர்த்தினோம். செபத்தின் நடுவே எழுந்து செல்வது ஆண்டவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது அன்று நம் எண்ணம். ஐந்து பத்துகளும் முடிந்தன. தேவமாதா பிரார்த்தனையும் முடிந்தது. அதன் பிறகே உள்ளே சென்றோம். அன்னையார் தாமே எட்டி எடுக்க முயன்றதில் செம்பு கவிழ்ந்து, படுக்கை நனைந்திருந்தது. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “செபம் முடிஞ்சுதா ராசா? எனக்காகவும் வேண்டிக்கிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் மறுமொழி இல்லை. அன்னையார் இறைவனடி சேர்ந்து நெடுநாளாகியும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

நாம் சிறுமலர் என அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசாளின் வாழ்விலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டு, தம் பதினைந்தாம் வயதில், பிரான்சு நாட்டின் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் அவர் சேர்ந்தார். அம்மடத்தில் நடக்க இயலாத முதிய சகோதரி ஒருவர் இருந்தார். மாலைத் தியானம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அவரை எவரேனும் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அவருக்கு மனம் நிறையப் பணிசெய்வது எளிதன்று. விரைந்து நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார்; மெல்ல நடந்தால் பின்னால் வருகிறாயா இல்லையா என்பார். இது தமக்குக் கடினம் என்று தெரிந்தே இளம் தெரேசாள் அப்பணியைக் கேட்டுப் பெற்றார். ஒவ்வொரு மாலையும் முதியவர் தம் மணற்கடிகையை அசைப்பார். புறப்படலாம் என்பதற்கு அதுவே அடையாளம். தெரேசாள் தம் தியானத்தை விட்டு எழுந்துவிடுவார். முடக்குவாதத்தால் வளைந்த கைகளினால் அம்முதியவர் ரொட்டியைத் துண்டாக்கத் துன்புறுவதைக் கண்டு, எவரும் கேளாமலே அதையும் செய்து கொடுத்து, புன்னகையோடு விடைபெறுவார்.

நாம் கையசைத்து மகளை அமர்த்தினோம். அவரோ மணற்கடிகையின் அசைவைக் கண்டவுடன் எழுந்தார். ஆண்டவருக்கு அதிக மகிமை அளித்த செயல் எது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். 1897-இல் தம் இருபத்துநான்காம் வயதில் இறக்கும்வரை தெரேசாள் மடத்தைவிட்டு வெளியே சென்று பணிபுரிந்தவரல்லர். ஆயினும் திருச்சபை 1925-இல் அவரைப் புனிதராக உயர்த்தியது. 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகவும், 1997-இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது.

இது தெரேசாள் ஒருவரின் தனிப் பக்தியன்று. திருச்சபையின் பழைய வழியே இது. 1633-இல் பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவிய புனித வின்சென்ட் தே பவுல், செப வேளையில் ஏழை நோயாளி ஒருவர் அழைத்தால் தயங்காது செல்லுமாறு தம் சகோதரிகளுக்குக் கற்பித்தார். செபத்தில் சந்திக்கும் இறைவனைவிட்டு, நோயாளியிடம் காத்திருக்கும் அதே இறைவனிடம் செல்வதாக அதனை அவர் விளக்கினார். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில், மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள பாத்திரம் பண்டங்களைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப்போல் கருதவேண்டும் என விதித்தார். கழுவி வைக்கும் சட்டியும், கழனி கொத்தும் மண்வெட்டியும் ஆண்டவருடைய உடைமையே என்பது இதன் பொருள்.

நம்முடைய தவறு எங்கே பிறக்கிறது? நாளை இரண்டாகப் பிளந்து, செப நேரம் ஆண்டவருக்கு, எஞ்சிய நேரம் நமக்கு என்று பங்கிடுகிறோம். பின்பு நம் பங்கிலே நாம் விரும்பியவாறு நடக்கிறோம். காலைத் திருப்பலியில் நன்மை வாங்கிய நாவினாலேயே பகலில் வேலையாளை ஏசுகிறோம். ஆலயத்தில் காணிக்கை செலுத்திய கையினாலேயே கடையில் நிறுவையைக் குறைக்கிறோம். ஆனால் நம் ஆண்டவர் தம் வாழ்வின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளை நாசரேத்தில் எவ்வாறு கழித்தார்? அவர் போதிக்கத் தொடங்கியபோது, இவர் தச்சரல்லவா என்று ஊரார் வியந்தனர் என நற்செய்தி கூறுகிறது. அத்தனை ஆண்டுகளும் அவர்கள் கண்டது ஒரு தொழிலாளியையே. அந்த மறைந்த வாழ்வும் தந்தைக்கு ஏற்ற காணிக்கையாகவே இருந்தது.

நம் தமிழகத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் இங்கே நினைவுகூரலாம். பிரான்சு நாட்டின் வால்ஸ் என்னும் ஊரில் இயேசு சபை இளந்துறவியர் பயின்றுவந்தனர். மதுரை மிஷன் போன்ற தொலைதூரப் பணித்தளங்களுக்கு எப்போது செல்வோம் என்ற ஏக்கத்தில் அவர்களுள் பலருக்குப் படிப்பில் மனம் ஊன்றவில்லை. 1844 டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாளன்று, அவர்களுடைய ஆன்ம குரு கோத்ரலே அடிகளார் நல்வழி ஒன்றைக் காட்டினார். இப்போது செய்யும் படிப்பையும், அதன் களைப்பையும், அன்றாடக் கடமைகளையும் மறைபணிக்காக ஒப்புக்கொடுத்தால், இருந்த இடத்திலேயே அப்போஸ்தலராகலாம் என்றார். செப அப்போஸ்தலிக்க இயக்கம் இவ்வாறு தோன்றியது. காலையில் கண் விழித்ததும் அன்றைய செபம், செயல், இன்பம், துன்பம் அனைத்தையும் ஒப்புக்கொடுக்கும் வழக்கம் அவ்வியக்கத்தின் வழியாகவே உலகெங்கும் பரவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், பொதுநிலையினரின் குடும்ப வாழ்வும், அன்றாட உழைப்பும், பொறுமையோடு தாங்கும் துன்பங்களும் ஆன்மீகப் பலிகளாகித் திருப்பலியில் ஆண்டவரின் திருவுடலோடு ஒப்புக்கொடுக்கப்படுகின்றன என்று கற்பிக்கிறது.

இதனைச் செபத்தைக் கைவிடுவதற்குச் சாக்காக எவரும் கொள்ளலாகாது. எழுந்து செல்வதற்கும் முதலில் முழந்தாளிட்டிருக்க வேண்டும். செபிக்கும் வழக்கத்தையே விட்டவருக்கு உள்ளறையின் குரல் நாளடைவில் தொல்லையாகத்தான் கேட்கும். தெரேசாள் அந்த முதியவரைப் பொறுமையோடு தாங்கியதற்கான வலிமை அவர் அன்றாடம் செய்த தியானத்திலிருந்தே வந்தது.

அம்மாலைக்குப் பின் நாம் செய்தது ஒன்றுண்டு. மறுநாள் முதல் விளக்கையும் பாயையும் அன்னையாரின் கட்டிலருகே கொண்டுபோனோம். அவரும் தம் மெல்லிய குரலில் அருள்நிறை மந்திரத்தின் பிற்பகுதியைச் சொல்லுவார். இருமல் வந்தால் செபம் நிற்கும். இளையவள் தண்ணீர் கொடுப்பாள். அவர் குடித்து முடித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சில நாள் செபமாலை முடிய வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாகும். அந்தக் கால் மணியும் செபமாலையின் பகுதியே என்பதை நாம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம்.

வாசகர்களே, இம்மாதத்திற்கு ஒரே ஒரு தீர்மானம் போதும். காலையில் எழுந்ததும் அந்த நாளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். பின்பு அந்நாளில், உங்கள் வேலையின் நடுவிலோ செபத்தின் நடுவிலோ, உங்களை முதலில் அழைக்கும் குரலுக்கு முகம் சுளிக்காமல் எழுந்து செல்லுங்கள். நீங்கள் காலையில் கொடுத்ததை ஆண்டவர் கேட்டு வாங்கும் நேரம் அதுவே.