எப்போது ஹேங் ஆகிறது?

கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் 'ஃபார்மேட் அடிச்சுடலாம் சார்' என்று பதில் வந்துவிடுகிறது. விண்டோஸ் கெட்டுப்போயிருந்தால் அதில் பலன் உண்டு. கோளாறு பாகங்களில் இருந்தால் ஃபார்மேட்டினால் தடயம் அழிவதுதான் மிச்சம். டிஸ்க்தான் பழுது என்றால், தள்ளாடிக்கொண்டிருக்கும் அதன்மேல் பல ஜிபி எழுதவைக்கிறோம். கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் அதோடு போகும். ரேம் பழுது என்றால், அதன் வழியாக ஏறும் புது விண்டோஸும் ஏறும்போதே கெடலாம். இந்த அவசரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எப்போது ஹேங் ஆகிறது, எப்படி ஆகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மவுஸ் அம்புக்குறி நகர்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை, கேபினெட்டில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் சந்தேகம் டிஸ்க் மேல். அம்புக்குறியும் அசையவில்லை, கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் கரகரக்கிறது என்றால் ரேம், பிராசஸர், போர்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் போக வேண்டும்.

படிக்க முடியாத செக்டாரில் மாட்டிக்கொண்ட டிஸ்க், விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அது முடியும்வரை விண்டோஸ் காத்திருக்கும். நாம் ஹேங் என்பது பல நேரம் அந்தக் காத்திருப்பைத்தான். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அதில் 05 என்ற வரி, கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள். சி5, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் மற்ற சோதனைகளை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட வேண்டும். சி7 மட்டும் ஏறினால் தகவல் வழியில் கெடுகிறது. பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். மலிவான ஒரு கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

விண்டோஸ் குறித்துவைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரும் சாட்சி சொல்லும். டிஸ்க் பெயரில் 7 என்ற எண் வந்தால் அது பேட் பிளாக். கெர்னல்-பவர் 41 என்று வந்தால் பலர் உடனே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை.

ரேமைக் கழற்றி, தங்க முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டும் நம் ஊர் வழக்கம் சில நேரம் பலிக்கத்தான் செய்கிறது. பலிக்காவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு ரேமை மட்டும் மாட்டிச் சோதிக்க வேண்டும். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவாகியிருந்தது. அந்த சர்வர்களில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரேம் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. தவறான பிட் சத்தமில்லாமல் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

ஹேங் ஆவதற்கு வெப்பம் காரணமா என்று கண்டுபிடிப்பது எளிது: தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் அப்படியில்லை. 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது விதி. மல்டிமீட்டர் சரியான எண்ணைக் காட்டினாலும் வேலைப்பளு ஏறும் கணத்தில் மின்னழுத்தம் சரிவது அதில் தெரியாமல் போகலாம். நன்றாக ஓடும் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே வழி.

திரையில் வரும் செய்தியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் நின்றுபோனபோது, வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்தது. பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பிராசஸரே சிதைந்துகொண்டிருந்தது 2024இல்தான் தெளிவானது. அந்த ஆகஸ்ட்டில் இன்டெல் திருத்தப்பட்ட மைக்ரோகோடை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சிதைந்த சில்லுகளை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றச் சொல்கிறேன். ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டிருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, பணம் கொடுத்தவருக்கும் தெரியாது. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி ஹேங் ஆனால், பழி அந்தப் பழைய பாகத்தின் மேல் இல்லை. அதையே திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததைச் சோதிக்கலாம்.